பாதிரிக்கு ஓர் உதாரண வாக்கியம்

அகராதிக்குக் கல்யாணத் தேதி குறித்த வாரத்தில்தான் அந்தச் சொல் அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தது. விதி என்று சொல்லுங்கள், அகரவரிசை என்று சொல்லுங்கள், உங்கள் இஷ்டம். பாதாளம் முடிந்து, பாதி முடிந்து, அடுத்து நின்றது பாதிரி.

அகராதி என்பது அவளுக்கு அம்மா வைத்த பட்டப்பெயர். வாய் பேச வந்த நாளிலிருந்தே "ஏன்", "யார் சொன்னா", "அப்படின்னா என்ன அர்த்தம்" என்று மூன்றே கேள்வியால் வீட்டைக் குடைந்தெடுத்த பிள்ளை. அம்மா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் "சரியான அகராதி புடிச்சது" என்றாள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வளர்ந்து படித்து அவள் ஓர் அகராதி அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தபோது வீட்டில் இருந்த மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எல்லோருக்கும் வாயால் வினைதான் வரும், அவளுக்கு மாதச் சம்பளம் வந்தது.

அலுவலகம் இரண்டாம் மாடியில். ஆறு மேஜை, ஒரு கெட்டில், இழுத்தால் பாதியில் நின்றுவிடும் ஒரு ஜன்னல். ஒரு சொல் வந்தால் கணினியில் அதற்கான கட்டங்களை நிரப்ப வேண்டும்: எங்கிருந்து வந்தது, என்ன பொருள், யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், கடைசியில் ஓர் உதாரண வாக்கியம். நிரப்பியதைத் தலைமை ஆசிரியர் அம்மா பார்ப்பார். அவருக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பெயர். பத்து வரி எழுதிக்கொடுத்தால் ஒரு வரியாகத் திரும்பி வரும், அதுவும் நம்முடைய வரியாக இருக்காது. உதாரண வாக்கியத்துக்கு அவரிடம் ஒரே சட்டம்தான். "ரெண்டு சொல்லு, மிஞ்சிப் போனா மூணு சொல்லு. அந்த ஆள் என்ன செய்யறவர்னு அதுலயே தெரியணும்."

பாதிரியில் இரண்டு உண்டு. முதலாவது மரம், வாசனையுள்ள பூப் பூப்பது. அது தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மரத்தோடு நமக்கென்ன தகராறு? இரண்டாவது பாதிரி கிறிஸ்தவ மதகுரு. அங்கேதான் வண்டி நின்றது, ஏனென்றால் அகராதியின் அப்பாவே ஒரு பாதிரியார்.

முதல் கட்டத்தை அவள் அசட்டையாகத்தான் நிரப்பத் தொடங்கினாள். போர்த்துக்கீசியச் சொல், அதற்கு முன்னால் லத்தீன், இதெல்லாம் கல்லூரியிலேயே காதில் விழுந்ததுதான். கப்பலில் வந்தவர்கள் தங்கள் குருவைப் 'பாத்ரே' என்று கூப்பிட்டார்கள். கேட்டவர்கள் அதை உத்தியோகத்தின் பெயராக எடுத்துக்கொண்டு பாதிரி என்றார்கள். பெரிய மனுஷனை மொட்டையாகக் கூப்பிடக் கூடாதே என்று ஒரு 'ஆர்' ஒட்டிப் பாதிரியார் ஆக்கினார்கள். எல்லாம் சரி. 'பொருள்' என்ற கட்டத்தில் 'தந்தை, அப்பா' என்று தட்டியபோதுதான் அவள் விரல் அப்படியே நின்றது.

தெரு முழுக்க அவள் அப்பாவைப் பாதிரியார் என்றுதான் சொல்லும். தபால்காரர், கேஸ் கொண்டு வருபவர், மூலைக்கடைக்காரர், எதிர்வீட்டில் யாரோடும் பேசாத அந்த ஓய்வுபெற்ற நீதிபதிகூட. தான் ஒருத்திதான் அவரை அப்பா என்று கூப்பிடுகிறோம் என்ற எண்ணத்தில் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது, அந்தச் சொல்லுக்குப் போட்டியே கிடையாது. இப்போது பார்த்தால் கேஸ்காரர்கூட "அப்பா இருக்காரா" என்றுதான் மணியடித்திருக்கிறார்.

சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவள் பள்ளி நாடகத்தில் மரமாக நின்றபோது அப்பாவின் நாற்காலி காலி, சபையில் யாருக்கோ மூச்சுத்திணறல். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் அப்பா வேறொரு குழந்தையின் காய்ச்சலுக்கு ஜெபிக்கப் போயிருந்தார். பிறந்தநாள் கேக்கை வெட்டப் போகும்போதெல்லாம் யாராவது கண்ணை மூடிவிடுவார்கள். செத்தவர்களோடு சண்டை போடவும் முடியாது. அவர் நல்லவர், அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு மூச்சு திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

உதாரண வாக்கியக் கட்டத்தில் "பாதிரியார் வீட்டில் இல்லை" என்று எழுதி அனுப்பினாள். கத்தரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இது உதாரணமா, புகாரா?"

"உண்மைங்க மேடம்."

"உண்மைதான். ஆனா உங்க வீட்டு உண்மை. ஊருக்கு ஒண்ணு எழுதிட்டு வாம்மா."

"பாதிரியார் சாப்பிட உட்கார்ந்ததும் ஃபோன் அடித்தது" என்று எழுதினாள். அது நீளம் என்று திரும்பி வந்தது. கல்யாணம் முடிந்து வந்து எழுது என்று கத்தரி கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டார். அவர் வாழ்க்கையில் யாருக்கும் கொடுக்காத சலுகை அது.

அன்று இரவுச் சாப்பாட்டில்தான் அப்பா கல்யாணப் பேச்சை எடுத்தார். எடுத்தார் என்ன, முடித்தே வைத்தார்.

"ஞானஸ்நானம் நான் கொடுத்தேன். கல்யாணமும் நானே நடத்தி வைக்கிறேன். வேற ஒருத்தர் வந்து என் பொண்ணு பேரைத் தப்பா வாசிக்கறதுக்கா? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர மாமா இருக்கான்."

அவர்கள் கோயிலில் கல்யாணம் நடக்கும் முறை இது: போதகர் வாசலுக்கே வந்து பெண்ணை வரவேற்பார். ஆர்கன் முதல் சுரத்தை எழுப்பியதும் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடப்பார். பெண் தன் அப்பாவின் கையைப் பிடித்தபடி பின்னால் வருவாள். பீடத்துக்குப் போனதும் போதகர் திரும்பி நின்று, இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று கேட்பார். பெண்ணைப் பெற்றவர் "நான்" என்று சொல்லி அவள் கையை மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், ஒற்றைச் சொல். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்கு அப்பாக்கள் படும் பாட்டைச் சொல்லிச் சொல்லி வீட்டில் அப்பா சிரிப்பார். "ரெண்டெழுத்துப் பதில். அதுக்குப் பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி முழிக்கறாங்க. போன வாரம் ஒருத்தர் மூக்கை உறிஞ்சி முடிக்கறதுக்குள்ள ஒரு பாட்டே பாடியிருக்கலாம்." அப்படி முழித்த அப்பாக்களைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்து அவசரப்படுத்துவதில் அவர் கெட்டிக்காரர்.

அகராதி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, பாதிரின்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? அப்பான்னு அர்த்தம்."

"தெரியுமா?"

"செமினரியில முதல் வாரமே சொல்லிக் குடுத்தாங்களே."

"தெரிஞ்சுக்கிட்டேதான் ஊருக்கெல்லாம் அப்பாவா இருந்தீங்களா? நான் ஏதோ உங்களுக்கு விஷயம் தெரியாதுன்னுல்ல மன்னிச்சு விட்டிருந்தேன்."

அம்மா தண்ணீர் குடிக்கும் சாக்கில் டம்ளருக்குள் சிரித்தாள். அம்மா அந்தக் கோயிலின் ஆர்கன் வாசிப்பவள், எந்தச் சண்டையிலும் எங்கே சேர வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"நம்ம சபையில யாரும்மா பாதிரின்னு கூப்பிடறாங்க?" என்றார் அப்பா. "பாஸ்டர்தானே சொல்றாங்க. பாஸ்டர்னா லத்தீன்ல ஆடு மேய்க்கறவன். என் வேலை மேய்க்கறது."

"வலிய வந்து வலையில விழறாரு" என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல்.

"மேய்க்கறவரா? ரொம்ப சந்தோஷம்" என்றாள் அகராதி. "வருஷா வருஷம் ஒரு கதை சொல்வீங்களே. நூறு ஆட்டுல ஒண்ணு காணாமப் போச்சுன்னு, தொண்ணூத்தொன்பதையும் அப்படியே விட்டுட்டு ஒருத்தர் தேடிப் போனாரே."

"ஆமா."

"நம்ம வீட்டுல அது தலைகீழா நடந்துச்சுப்பா. நீங்க தொண்ணூத்தொன்பதுக்கும் போனீங்க. ஒண்ணு வீட்டுலயே இருந்துச்சு. அது தொலைஞ்சும் போகல, கத்தவும் இல்ல. அதனாலதான் அதை யாரும் தேடல."

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். பாதி வழியில் குரல் உடைந்துவிட்டது, அவளே எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஆரம்பித்ததை முடிக்காமல் விட்டால் அவள் அகராதி இல்லையே.

"நான் பெருசா ஒண்ணும் கேக்கல. கோயில் வாசல்லேருந்து பீடம் வரைக்கும். அந்தத் தூரம் மட்டும் நீங்க யாருக்கும் பாஸ்டரா இல்லாம, எனக்கு அப்பாவா வரணும். மாமா வேண்டாம்."

அப்பா எழுந்து போய், சாப்பிட்டு முடிக்காத தட்டைக் கழுவினார். கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

காலையில் காபி குடிக்க வந்தவர் உட்காராமலே சொன்னார். "அடுத்த சபை போதகருக்கு ஃபோன் பண்ணிட்டேன். அவர் நடத்தி வைப்பார். நான் உன்கூட வரேன்."

அகராதிக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாதான் கரண்டியோடு திரும்பினாள். "யாரு, சுருக்கமா? கெட்டுது போ. மத்தியானச் சாப்பாட்டை ராத்திரிக்குத்தான் சாப்பிடணும்."

அடுத்த சபை போதகர் எதைச் சொன்னாலும் "சுருக்கமாகச் சொன்னால்" என்று தொடங்குவார். அதற்குப் பிறகு சபையில் பாதிப் பேர் தூங்கி எழுந்து, மீதிப் பேர் தூங்கப் போவார்கள். அதனால் அவருக்கு ஊரெல்லாம் சுருக்கம் என்றே பெயர். அவரோடு யாரும் ஒரு வார்த்தை பேசி முடித்ததாக வரலாறு இல்லை. அப்பாவுக்கும் அவருக்கும் முப்பது வருஷ சிநேகம், அதில் அப்பா பேசியது மொத்தமாகச் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது.

மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்தான். "என் வேலையில நடுவுல மாட்டிக்கிட்டா அமுக்கறதுக்கு ஒரு பட்டன் இருக்கு. இவர் பிரசங்கத்துல என்ன இருக்கு?" என்றான். அவனைக் கட்டிக்கொள்ள முடிவு செய்தது சரிதான் என்று அகராதி மறுபடியும் நினைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தார்கள். முன்வாசல் கோயில் வாசல், ஃபிரிட்ஜ் பீடம். அகராதி தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் கீரைக்கட்டைப் பூங்கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா ஃபிரிட்ஜ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயாலேயே ஆர்கன் வாசித்தாள். முதல் சுரம் அம்மா வாயிலிருந்து வந்ததும் அப்பா கையை மார்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஃபிரிட்ஜைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

"அப்பா, நான் இங்க இருக்கேன்."

"அட, ஆமால்ல." திரும்பி வந்தார்.

மறுபடியும் சுரம், மறுபடியும் அவர் முன்னால். சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "என்னால ஒண்ணும் பண்ண முடியலம்மா. உங்கம்மா 'ம்'முன்னாலே கால் தானா போகுது" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதாவது ஒத்துக்கொண்டாரே என்றாள் அம்மா. மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிய நின்றார்கள்.

மூன்றாவது தடவை சரியாக வந்தது. அவள் கை அவர் முழங்கைக்குள், அடிமேல் அடி வைத்து, செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி, மாப்பிள்ளை வீட்டார் அனுப்பியிருந்த பெட்டிகளைத் தாண்டி வந்தார்கள். ஃபிரிட்ஜ் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தபோது ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரியில் சபை மூப்பர் ஒருவர், பாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

அப்பா ஃபோனைப் பார்த்தார், துண்டு போட்ட தலையைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் "போயிட்டு வாங்கப்பா" என்று அகராதியே சொல்லிவிட்டாள். சின்ன வயசிலிருந்தே வந்த பழக்கம், நாக்கு அதுவாகச் சொல்லிவிடும். அவர் போய்விட்டார். மிச்சமிருந்த தூரத்தைத் தனியாக நடந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, கீரைக்கட்டை உள்ளே வைத்துவிட்டு நின்றாள்.

"நாளைக்கும் இப்படி ஒரு ஃபோன் வந்தா என்னம்மா பண்றது?"

"ஃபோனைப் புடுங்கி ஆர்கன் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிடறேன். நீ போய்த் தூங்கு."

ராத்திரி அவளுக்கு எங்கே தூக்கம். கூட்டத்தில் அப்பா கை நழுவிப் போவது போலவே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்னத் தூரம்தான் கேட்டாள், அதற்குள் உலகத்தில் யாருக்கும் எதுவும் ஆகாமல் இருக்க வேண்டுமே என்று உலகத்துக்காகவே வேண்டிக்கொண்டு படுத்திருந்தாள். போதகர் மகள் என்றால் சுயநலத்தையும் பொதுநலமாகத்தான் வேண்ட முடியும்.

மறுநாள் காலை கோயில் நிறைந்திருந்தது. அம்மா சொன்னபடியே ஃபோனைப் பிடுங்கிப் பூட்டிவிட்டாள். சுருக்கத்துக்கு முழங்கால் வலி, வாசல்வரை நடந்து வர முடியாது, பீடத்தின் முன்னாலேயே நின்றுகொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஆக, பெண்ணுக்கு முன்னால் நடக்க ஆள் இல்லை. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

வாசலில் அகராதி வெள்ளை கவுனில் நின்றாள். புது கோட்டில் அப்பா அவளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூப்பர் பிழைத்துக்கொண்டார், கஞ்சி கேட்கிறாராம் என்று நல்ல செய்தியும் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைத்திரையின் நுனி கதவுக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. "ஒரு நிமிஷம் இதைப் பிடிங்கப்பா" என்று பூங்கொத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவள் இரண்டு கையாலும் திரையை எடுக்கத் திரும்பினாள். உள்ளே ஆர்கன் முதல் சுரத்தை எழுப்பியது.

அப்பா பூங்கொத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தார்.

சபை எழுந்து நின்றது. போதகர் வருகிறார், வழக்கம்போல முன்னால் வருகிறார், பின்னால் பெண் வருவாள் என்று எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். பின்னால் யாரும் இல்லை. ஆர்கனுக்கு மேலே, வருகிறவர்களைப் பார்ப்பதற்காகப் பதித்திருந்த சின்னக் கண்ணாடியில் அம்மா பார்த்தாள். கட்டின புருஷன் பூங்கொத்தோடு தனியாகக் கல்யாணத்துக்கு வந்துகொண்டிருந்தார். நிறுத்தினால் விபரீதம் என்று அதே பாட்டை வாசித்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா நடுவழி முழுக்க நடந்து, சுருக்கத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, அழகாகத் திரும்பி, பூங்கொத்தைப் புத்தகம் போல விரித்துப் பிடித்து, கணீரென்று சொன்னார்.

"சபையார் உட்காரலாம்."

சபையார் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பேரும். முப்பது வருஷமாக அந்தக் குரல் சொல்லி உட்கார்ந்து பழகிய உடம்புகள், யோசிக்குமா? மாப்பிள்ளையும் உட்காரப் போய், நாற்காலி இல்லாமல் தடுமாற, தோழன் இடுப்பைப் பிடித்து நிறுத்தினான். சுருக்கம் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அந்த மனிதர் வாழ்க்கையில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

திரையை விடுவித்துக்கொண்டு அகராதி திரும்பியபோது பக்கத்தில் அப்பா இல்லை. தூரத்தில், அந்தக் கோடியில், எப்போதும் நிற்கும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இடையில் ஊரே உட்கார்ந்திருந்தது. மரமாக நின்ற மேடையும் காலி நாற்காலியும் வெட்டாத கேக்கும் ஒரேயடியாக வந்து நெஞ்சில் ஏறின. இன்றைக்குமா அப்பா என்று மனசுக்குள் கேட்டாள். கூப்பிடவில்லை, அவளுக்குக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

அப்பா பூங்கொத்தைப் பார்த்தார். அதில் வாசிக்க ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். வாசல் வெளிச்சத்தில் வெறும் கையோடு தன் பெண் தனியாக நிற்பது அவர் கண்ணில் பட்டது.

அந்த முகத்தை அவள் அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தாள். அவர் பூங்கொத்தைச் சுருக்கத்தின் கையில் திணித்தார். ஓடினார். நடக்கவில்லை, வேகமாக நடக்கவும் இல்லை, ஓடினார். கோட்டு பறக்க, புது ஷூ வழுக்க, இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த ஆடுகள் அத்தனையையும் விட்டுவிட்டு ஓடினார். கண்ணாடியில் பார்த்த அம்மா, பாவம் மனுஷன் ஓட்டத்துக்குத் தாளம் எட்டட்டும் என்று பாட்டையும் துரிதப்படுத்தினாள்.

நடு வரிசையில் ஒருவர் இருந்தார், போதகரை எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொள்பவர். அவர் வழக்கம்போல எழுந்து, "பாஸ்டர், ஒரு நிமிஷம், அந்த மைக் செட்டு விஷயமா" என்றார். அப்பா நிற்காமலே "அப்புறம்" என்றார். சபைக்காரர் ஒருவரிடம் அவர் அப்படிச் சொன்னதைக் கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை. பின்வரிசையில் கத்தரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த உதவி ஆசிரியரைத் தட்டி, "எழுதிக்கோ. 'பாதிரியார் ஓடினார்.' ரெண்டே சொல்லு" என்றாராம். அவர் குரலும் சரியில்லையாம், பிறகு சொன்னார்கள்.

வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. முழங்கையை நீட்டவில்லை, சின்னப் பிள்ளையைச் சாலை கடக்க வைப்பதற்குப் பிடிப்பதுபோல அவள் கையையே இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா போனீங்க?"

"வேலைக்குப் போயிட்டேன்மா. வந்துட்டேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீரும் நிற்கவில்லை, எது எதற்கு என்று அந்த அகராதிக்கே தெரியவில்லை. அம்மா பாட்டை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள். சபையாரை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, தாங்களாகவே எழுந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நடக்க ஒருவரும் இல்லை. அப்பா இந்தத் தடவை அத்தனை மெதுவாக நடந்தார். அவள் ஓரடி வைத்தால் அவர் அரையடி வைத்தார், பாட்டு முடிந்து அம்மா மூன்றாவது முறையாக அதையே ஆரம்பிக்க வேண்டி வந்தது. மாமா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினார், தனக்குத் தைத்த கோட்டு வீணாயிற்றே என்று அல்ல.

பீடத்துக்கு வந்தார்கள். சுருக்கம் பூங்கொத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மாப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டான். சுருக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு முன்னுரையும் இல்லாமல், நிஜமாகவே சுருக்கமாகக் கேட்டார்.

"இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார்?"

அப்பா பதில் சொல்லவில்லை.

எத்தனையோ அப்பாக்களிடம் அவர் கேட்ட கேள்வி. ரெண்டெழுத்துப் பதில். அவர் குனிந்து, தன் கைக்குள் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் ஒருவர் இருமினார். மாப்பிள்ளை, யார் எங்கே மாட்டிக்கொண்டாலும் பதறாமல் நின்று பழகியவன், அப்படியே நின்றான். சுருக்கம் சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில் இன்னொரு முறை கேட்டார். "கொடுப்பது யாருங்க ஐயா?"

"கொஞ்சம் இருங்க" என்றார் அப்பா. "இப்பத்தான் பிடிச்சேன்."

முன்வரிசை சிரித்தது, அது பின்வரிசை வரைக்கும் போய், திரும்பி வருவதற்குள் பாதிப் பேர் கைக்குட்டையைத் தேடினார்கள். அம்மா ஆர்கன் கட்டைகள் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள், எல்லாச் சுரமும் ஒரேயடியாக ஒலித்து ஓய்ந்தது. சுருக்கம் மூன்றாவது முறை கேட்கவில்லை. பேச இடமிருந்தும் பேசாமல், சிநேகிதனுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அகராதியும் கையை எடுக்கவில்லை. எடுக்க அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

"நான்" என்றார் கடைசியில். பிறகு, யாரும் கேட்காமலே, "இவளோட அப்பா" என்று சேர்த்துச் சொன்னார்.